புறப்படுமுன் இங்கேயே செய்துவிடுங்கள்: வெளிநாட்டில் கைபேசி, கேள்வி பதில்

திருகோணமலை நகரில் இருபத்திரண்டு வருடமாகக் கொமினிகேஷன் கடை வைத்திருக்கிறேன். நிமிடக் கணக்கில் காசு கட்டி வெளிநாட்டுக்குப் பேச அன்று வரிசையில் நின்றவர்களின் பிள்ளைகள், இன்று விமானம் ஏறுமுன் கைபேசியோடு வருகிறார்கள். அவர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

உப்புவெளி அம்மா ஒருவர்: மகளின் பிரசவத்துக்காக மூன்று மாதம் ரொறன்ரோ போகிறேன், தம்பி. அங்கே வேறு சிம் வாங்கித் தருவார்களாம். என் சிம்மை வீட்டில் வைத்துவிட்டுப் போகலாமா?

வேண்டாம் அம்மா. உங்கள் வங்கிக் கணக்கின் திறப்பே அந்தச் சிம்தான். கைபேசியில் பணம் அனுப்பும்போது வங்கி கேட்கும் இரகசிய இலக்கம் அந்த எண்ணுக்குத்தான் வரும். எங்கள் வீதியில் ஓய்வு பெற்ற ரீச்சர் ஒருவர் கனடாவில் இறங்கியதும் இலங்கைச் சிம்மைக் கழற்றி, ரிஷூ தாளில் சுற்றி மேசையில் வைத்தார். வீட்டைத் துப்புரவாக்கிய பேத்தி அதைக் குப்பையோடு போட்டுவிட்டாள். அதே எண்ணில் புதுச் சிம் எடுக்க அடையாள அட்டையோடு அவரே இங்கே வரவேண்டியிருந்தது. இரண்டு மாதம் தன் காசைத் தானே தொட முடியாமல் அவர் தொலைபேசியில் அழுதது இன்னும் என் காதில் நிற்கிறது.

ஆகவே இரண்டு சிம் போடும் கைபேசியாக எடுத்துச் செல்லுங்கள். முதலாவதில் உங்கள் சிம் அப்படியே இருக்கட்டும். இரண்டாவதில் கனடாச் சிம்மைப் போட்டு, டேட்டாவுக்கு அதையே தெரிவு செய்யுங்கள். புறப்படும் முன்பே உங்கள் சிம் நிறுவனத்திடம் ரோமிங் சேவையை, அதாவது வெளிநாட்டிலும் அதே சிம் இயங்கும் வசதியை, திறந்து தரச் சொல்லுங்கள். அங்கே போன பின் திறப்பது பெரும் சிரமம். குறுஞ்செய்தி வருவதற்குக் கட்டணம் உண்டா என்பதையும் அப்போதே கேளுங்கள். இலங்கைச் சிம்முக்கு வரும் அழைப்பை எடுத்தால் உங்களுக்கும் காசு போகும். அது மணியடித்து ஓயட்டும். இலங்கைச் சிம்மின் ‘டேட்டா ரோமிங்’ பொத்தானை அணைத்துவிடுங்கள். நீங்கள் தொடாமலே கைபேசி படங்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கும், மீதியெல்லாம் அதிலேயே கரைந்துவிடும்.

புதுச் சிம் போட்டதும் ‘எண்ணை மாற்றவா’ என்று வட்ஸ்அப் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பழைய எண்ணிலேயே எல்லோரும் உங்களோடு பேசலாம். நெடுநாள் ரீலோட் செய்யாத எண்ணைத் துண்டித்துவிடுவார்கள், எனவே இங்குள்ள மகனை இடையிடையே ரீலோட் செய்யச் சொல்லுங்கள். இன்னொன்று: 077 என்று பதிந்திருக்கும் எண்களையெல்லாம் +94 77 என்று மாற்றுங்கள், முன்னாலிருக்கும் பூச்சியத்தை எடுத்துவிட்டு. இல்லாவிட்டால் அவசரத்துக்கு அங்கிருந்து அழைக்கும்போது இணைப்புக் கிடைக்காது.

கிண்ணியாவிலிருந்து ஒரு தம்பி: டுபாயில் வட்ஸ்அப்பில் பேச முடியாதாமே, அண்ணா?

குரல் அழைப்பும் காணொளி அழைப்பும் அங்கே தடுக்கப்பட்டிருக்கின்றன. எழுத்துச் செய்தியும் பதிவு செய்த குரல் செய்தியும் போகும். அழைப்புக்கு போட்டிம் போன்ற அனுமதி பெற்ற செயலிகள் உண்டு. உம்மாவின் கைபேசியிலும் அதைப் பதிந்து, ஒருமுறை இருவரும் பேசிப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். நாம் இருக்கும் நாட்டை மறைத்துக் காட்டும் வி.பி.என். செயலி போட்டுத் தடையைத் தாண்டலாம் என்று நண்பர்கள் சொல்லுவார்கள். அங்கே அதற்குக் கடுமையான தண்டனை இருக்கிறது. வேலை தேடிப் போகும் பிள்ளை அந்த வில்லங்கத்தில் மாட்டக் கூடாது.

மூதூர் ஐயா ஒருவர்: கண் சிகிச்சைக்குச் சென்னை போகிறோம். போனிலேயே பணம் கட்டலாம் என்கிறார்களே?

இந்தியர்கள் கட்டும் யூ.பி.ஐ. அங்குள்ள வங்கிக் கணக்கோடு இணைந்தது, ஐயா. சிம் வாங்கினால் மட்டும் அது கிடைத்துவிடாது. 2024 பெப்ரவரியில் இலங்கையில் தொடங்கிய யூ.பி.ஐ. ஏற்பாடு இந்தியாவிலிருந்து இங்கே வருபவர்களுக்கானது. கையில் ரொக்கமும் வங்கி அட்டையும் இருக்கட்டும். சிம்முக்குக் கடவுச்சீட்டும் விசாவும் கேட்பார்கள், தங்கும் முகவரியும் வேண்டும். இயங்கத் தொடங்கச் சிலவேளை ஒரு நாள் ஆகும். விமான நிலைய வைபைக்கும் பெரும்பாலும் இந்திய எண்ணுக்கு வரும் இரகசிய இலக்கம் தேவை. அதனால் மருத்துவமனையின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். அப்படியே இராமேசுவரம் போனால், தனுஷ்கோடி முனையில் இந்தியச் சிம் இலங்கைக் கைபேசிக் கோபுரத்தின் சிக்னலைப் பிடித்துக்கொள்வதுண்டு. அங்கே அதன் டேட்டா ரோமிங்கும் அணைந்திருக்கட்டும்.

நிலாவெளியிலிருந்து ஒரு தங்கச்சி: பிரான்சில் வாங்கும் சிம் ஜெர்மனியிலும் வேலை செய்யுமா? சுவிஸில்?

ஜெர்மனியில் செய்யும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் 2017 ஜூன் 15 முதல் மேலதிக ரோமிங் கட்டணம் இல்லை. சுவிஸ் ஒன்றியத்தில் இல்லை. ரயில் எல்லையைத் தாண்டும்போதே டேட்டாவை நிறுத்திவிடுங்கள்.

நகரிலிருந்து: அமெரிக்காவில் இருக்கும் மருமகன் விடுமுறைக்கு வருகிறார். அவருடைய ஐபோனில் சிம் போடும் இடமே இல்லை!

ஐபோன் 14 முதல் அமெரிக்காவில் விற்கப்படுபவற்றில் சிம் தட்டுக் கிடையாது. தட்டில் போடாமல் கைபேசிக்குள்ளேயே பதியும் இ-சிம்மை இங்கேயும் தருகிறார்கள், கடவுச்சீட்டோடு போகச் சொல்லுங்கள். ஒரு நிறுவனத்தின் சிம் மட்டுமே இயங்கும்படி பூட்டிய கைபேசியில் வேறு இ-சிம் ஏறாது. அமெரிக்காவிலேயே அந்தப் பூட்டை நீக்கிவிட்டு வரட்டும்.

தம்பலகாமத்திலிருந்து: என்னுடைய பழைய 3ஜி போனோடு அவுஸ்திரேலியா போகலாமா?

முடியாது. 2024 ஒக்டோபர் இறுதியில் அங்கே 3ஜி-யை நிறுத்திவிட்டார்கள். 4ஜி வழியாகக் குரல் அழைப்பும் எடுக்கக்கூடிய கைபேசி வேண்டும். வாங்க வரும்போது பழைய போனையும் கொண்டுவாருங்கள். தொடர்பு எண்களை நானே மாற்றித் தருகிறேன்.