மாதப் பாஸ் கட்டியாச்சு, வண்டியைத்தான் காணோம்

கேள்வி: ஓசூர் பாகலூர் ரோட்டில் குடியிருக்கிறேன். வேலை பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில். ஆப்பில் புக் செய்யும் ஒரு தனியார் வேனுக்கு 3,600 ரூபாய் மாதப் பாஸ் கட்டினேன். போன மாதம் மட்டும் ஐந்து நாள், 6.50 வண்டிக்கு 6.40-க்கு ‘இன்றைய ட்ரிப் ரத்து’ என்று மெசேஜ். ஒரு நாள் 850 ரூபாய் கொடுத்து டாக்சியில் ஓடினேன். பணம் கேட்டால், வாலெட்டில் பாயின்ட் ஏற்றிவிட்டோம் என்கிறார்கள். அதுவும் 30 நாளில் காலாவதியாம். பந்த் நடந்த நாளுக்கு அதுகூடக் கிடையாது. கம்பெனி பெங்களூருவில் இருக்கிறது. அங்கே போய்த்தான் புகார் கொடுக்க வேண்டுமா?
- ஓசூர் வாசகி

பதில்: வேண்டாம் அம்மா. ஏற்கெனவே தினமும் அத்திப்பள்ளி டோலில் நிற்கிறீர்கள், இதற்கு வேறு நிற்பானேன்! 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். உங்களுக்குக் கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருடம் வரை அவகாசம் உண்டு.

ஆனால் அது கடைசிப் படி. முதலில் ஆப்பிலேயே ‘குறைதீர் அலுவலர்’ என்று ஒருவர் பெயர் போட்டிருக்க வேண்டும். 2020-இல் வந்த மின்வணிக விதிகளின்படி, 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் அவர் தீர்த்தாக வேண்டும். சாட்டில் புலம்பாதீர்கள், இமெயில் போடுங்கள். சாட் பெட்டி ஆப்பை அழித்தால் போய்விடும். ரத்து மெசேஜ் ஐந்துக்கும் தேதி, நேரம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட், பாஸ் கட்டிய ரசீது, டாக்சி பில் எல்லாம் இணையுங்கள். பதில் வராவிட்டால் 1915-க்குப் பேசுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் அது, தமிழிலும் பேசலாம். ஐந்து நாள் காசுக்காக ஆணையம் வரை இழுபட எந்தக் கம்பெனியும் விரும்பாது.

பணமாகக் கட்டியதற்குப் பாயின்ட் கொடுத்து, அதற்கும் கெடு வைப்பது சரியான வியாபாரம் இல்லை. தராத சேவைக்குப் பணத்தைத் திருப்ப மறுப்பதை நேர்மையற்ற வணிக நடைமுறை என்றே இந்தச் சட்டம் சொல்கிறது. பணத்தைத் திருப்ப பில்லில் கெடு ஏதும் போடாவிட்டால், 30 நாளுக்குள் திருப்ப வேண்டும். பந்த் நாள் கொஞ்சம் வேறு. வண்டி எடுக்காதது அவர்கள் தப்பில்லை, அதற்கு இழப்பீடு கேட்டால் நிற்காது. ஓடாத நாளின் காசைக் கேளுங்கள், அதில் தயக்கமே வேண்டாம்.

டாக்சிக் காசையும் சேர்த்தே கேளுங்கள். ஜம்முவுக்கு ரயில் 4 மணி நேரம் தாமதமாகி, ஸ்ரீநகர் விமானத்தைத் தவறவிட்ட குடும்பத்துக்கு டாக்சிச் செலவு உட்பட இழப்பீடு தர நுகர்வோர் மன்றம் சொன்னதை 2021-இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. தாமதத்துக்கான காரணம் தங்கள் கையை மீறியது என்று ரயில்வே நிரூபிக்கவில்லை. அதுதான் அங்கே விஷயம்.

கேள்வி: தர்மபுரியில் பெங்களூரு ரயிலுக்கு ரிசர்வ் செய்திருந்தேன். மூன்றரை மணி நேரம் லேட். பஸ்ஸில் போய்விட்டு, ராத்திரி வீட்டுக்கு வந்து, டிக்கெட் பணத்தைத் திரும்பக் கேட்கும் டிடிஆர் விண்ணப்பம் போட்டேன். நிராகரித்துவிட்டார்கள். சரியா?
- தர்மபுரி வாசகர்

பதில்: விதிப்படி சரிதான், என்ன செய்ய! மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதம், நீங்களும் ஏறவில்லை என்றால் முழுப்பணமும் உண்டு. ஆனால் இ-டிக்கெட்டுக்கான டிடிஆரை, அந்த ரயில் உங்கள் ஸ்டேஷனை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும். பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்தபடியே போனில் போட்டுவிட்டுத்தான் பஸ் ஸ்டாண்டுக்கு நடக்க வேண்டும். இன்னொன்று, இரண்டே முக்கால் மணி நேரத் தாமதத்தில் பொறுமை இழந்து கிளம்பினால் இந்தச் சலுகை கிடையாது. ரயிலையே ரத்து செய்தால் இ-டிக்கெட் பணம் தானாக வந்துவிடும்.

கேள்வி: மெட்ரோதான் வந்துவிட்டதே, வேன் பாஸையே விட்டுவிடலாமா?
- சூளகிரி வாசகர்

பதில்: 2025 ஆகஸ்ட்டில் திறந்த மஞ்சள் பாதை பொம்மசந்திராவில் தொடங்கி எலெக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு வழியாக ஆர்.வி. ரோடு போகிறது. 19 கிலோமீட்டர் சொச்சம், 16 ஸ்டேஷன். சில்க் போர்டு நெரிசலுக்கு மேலே பறப்பது சுகம்தான். ஆனால் ஓசூருக்கு அது வரவில்லை, பொம்மசந்திரா வரை பஸ்தான் கதி. 2016 காவிரிக் கலவரத்தின்போது தமிழ்நாட்டு பஸ் எல்லையிலுள்ள ஜூஜூவாடியோடு நின்றது. ஜனம் பையைத் தூக்கிக்கொண்டு கர்நாடகப் பக்கத்து அத்திப்பள்ளி வரை நடந்தது. அப்படி ஒரு நாளில் பாஸும் உதவாது, மெட்ரோ கார்டும் உதவாது.

என்னைக் கேட்டால், மூன்று மாதம் கட்டினால் தள்ளுபடி என்று எந்த வேன்காரர் ஆசை காட்டினாலும் கட்டாதீர்கள். வாரப் பாஸ் இருந்தால் அது. இல்லாவிட்டால் அன்றன்றைக்குக் கொடுங்கள். பத்து இருபது கூடுதலாகப் போகும், போகட்டும்.