மதுரையில் பிள்ளையை ஆர்.சி. தொடக்கப் பள்ளியில் சேர்க்கலாமா? உள்ளே அன்றாடம் எப்படி இருக்கும்?

கேட்டவர் இந்துக் குடும்பத்துக்காரர். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளி, அரசு உதவி பெறுவது. அதில் மகனை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கலாமா, மதம் திணிப்பார்களா, "எல்லாரும் ஒரே குடும்பம் மாதிரி இருப்பார்கள்" என்று அக்கம்பக்கத்தில் சொல்வது உண்மைதானா என்று மூன்று கேள்வி போட்டிருக்கிறார்.

எனக்கு மோட்டார் வைண்டிங் கடை. மகள் அப்படியொரு பள்ளியில் ஐந்தாவது வரை படித்துவிட்டுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளிக்குப் போய்விட்டாள். மகன் இப்போது அங்கேயே மூன்றாவது. நாங்களும் இந்துக்கள்தான். பள்ளியின் பெயரைச் சொல்லவில்லை, ஏனென்றால் குறையும் சேர்த்தே சொல்லப் போகிறேன்.

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். "ஒரே குடும்பம்" என்பதெல்லாம் ஆண்டு விழா மேடையில் பேசுகிற பேச்சு. ஆனால் அந்தப் பள்ளிகளில் ஓர் ஒட்டுறவு இருப்பது உண்மை. அதற்குப் பக்தி காரணம் என்று சிலர் நினைக்கிறார்கள். என் கணக்கில் காரணம் வேறு: அவர்களிடம் காசு இல்லை. காசு இல்லாததால் ஆளைக் கேட்கிறார்கள். கேட்டால் நாமும் உள்ளே போய்விடுகிறோம்.

உதவி பெறும் பள்ளி என்றால், ஒப்புதல் பெற்ற பணியிடங்களில் இருக்கும் ஆசிரியர்களுக்குச் சம்பளம் அரசு தருகிறது. பாடநூல், சீருடை, புத்தகப்பை, மதியம் சத்துணவு எல்லாம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வருவது போலவே வரும். தமிழ்வழியில் கல்விக் கட்டணம் கிடையாது. ஆனால் ஓடு மாற்றுவது, கழிவறைக் குழாய், தண்ணீர்த் தொட்டி, வெள்ளையடிப்பது, மின்விசிறி எல்லாம் நிர்வாகத்தின் பாடு. கட்டணமும் வாங்க முடியாது, பெரிய நன்கொடையும் வராது. தனியார் பள்ளியில் ஃபேன் ஓடவில்லை என்றால் மெக்கானிக் வருவார், அதற்கான காசு நம் ஃபீஸில் ஏற்கெனவே போயிருக்கும். இங்கே எச்.எம். சிஸ்டர் (தலைமையாசிரியையாக இருக்கும் கன்னியாஸ்திரி) சேர்க்கைப் படிவத்தைப் புரட்டி, எந்தப் பிள்ளையின் அப்பா எலக்ட்ரிக்கல் வேலை செய்கிறார் என்று பார்ப்பார்.

அப்படித்தான் என்னைக் கூப்பிட்டார்கள். இரண்டாம் வகுப்பில் ஃபேன் சுற்றுகிற மாதிரி சுற்றுகிறது, காற்று வரவில்லை. போய்ப் பார்த்தால் கெப்பாசிட்டர் போயிருக்கிறது. அது பெரிய வேலையில்லை, கடையில் கிடந்ததையே மாட்டிவிட்டேன். பக்கத்து வகுப்பு ஃபேனுக்குப் பேரிங் தேய்ந்து கடகடவென்று சத்தம். அதைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோனேன். ஏணியை ஆயாம்மா பிடித்துக்கொண்டார். ஒரு பையன் கீழே நின்று, "மாமா, ஷாக் அடிச்சா எப்படி இருக்கும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். வேலை முடிந்ததும் சிஸ்டர்கள் தங்கும் மடத்திலிருந்து காபி வந்தது. காசு எவ்வளவு என்று சிஸ்டர் கேட்டார். பேரிங் விலையை மட்டும் வாங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து நான் வைண்டிங் கடைக்காரன் இல்லை, "பள்ளிக்கூடத்து ஃபேன்காரர்". தெருவில் எந்தப் பிள்ளையைப் பார்த்தாலும் மாமா என்று ஒரு குரல் வருகிறது.

என்னைப் போல ஒவ்வொருவரும் ஏதோ ஒரு கொக்கியில் மாட்டியிருக்கிறார்கள். மாட்டுத்தாவணியில் பூ வியாபாரம் செய்யும் ஒருவர் சுதந்திர தினத்துக்குக் கொடிக்கம்பத்துக்கு உதிரிப்பூ தருவார். ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடைக்காரர் ஆண்டு விழாவுக்குப் பழைய ஃப்ளெக்ஸின் பின்பக்கத்தை மேடைத் திரைக்குத் தைத்துக் கொடுப்பார். டெய்லர் வேலை தெரிந்த அம்மாக்கள் நடன உடையைப் பார்த்துக்கொள்வார்கள். யாரும் இதைச் சேவை என்று சொல்வதில்லை. "சிஸ்டர் சொல்லிட்டாங்க, என்ன பண்றது" என்று அலுத்துக்கொண்டேதான் செய்கிறார்கள்.

காலை உணவு விஷயத்தில் இது நன்றாகத் தெரிந்தது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று நம் ஊர் நெல்பேட்டை ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில்தான் தொடங்கியது. ஆனால் அது அரசுப் பள்ளிகளுக்கு மட்டும். கிராமப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கு 2024 ஜூலையில்தான் வந்தது. நகரத்தில் இருப்பவைக்கு 2025 ஆகஸ்ட் 26 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆக, இரண்டு தெரு தள்ளியிருக்கும் மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகள் உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அதே தெருக்களிலிருந்து வரும் எங்கள் பிள்ளைகள் வெறும் வயிற்றோடு வரிசையில் நின்றார்கள். கட்டட வேலைக்கும் பூ கட்டவும் விடியற்காலையில் கிளம்புகிற வீடுகளில் காலைச் சமையல் என்பதே கிடையாது. வழிபாட்டு நேரத்தில் யாராவது ஒரு பிள்ளை மயங்கி உட்காருவது வழக்கமாகிப்போனது. டீக்கடை வைத்திருக்கும் ஒரு அப்பா பன் கொடுக்க ஆரம்பித்தார். மடத்தில் மிச்சம் இருக்கிற இட்லி வரும். மற்ற பிள்ளைகளுக்குத் தெரியாமல், சாப்பிடாத பிள்ளைகளை "நோட்டு அடுக்க வா" என்று ஒரு டீச்சர் அலுவலக அறைக்குக் கூப்பிட்டுக்கொண்டு போவார். பசித்த பிள்ளை என்ற பெயர் யாருக்கும் விழாமல் பார்த்துக்கொண்டதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. இப்போது திட்டம் வந்துவிட்டது, அந்த ஏற்பாட்டுக்கு வேலை இல்லாமல் போனது. நல்லதுதான்.

அன்றாடம் என்று பார்த்தால்: காலையில் மணி, வரிசை, தமிழ்த்தாய் வாழ்த்து, ஒரு செபம், ஒரு திருக்குறள், செய்தி வாசிப்பு, நகம் பார்ப்பது. திங்கட்கிழமை கொடி. பன்னிரண்டு மணிக்கு மணி அடித்தால் கத்தோலிக்கப் பிள்ளைகள் எழுந்து மூவேளை செபம் சொல்வார்கள், மற்றவர்கள் சும்மா நிற்பார்கள். அப்புறம் சத்துணவு. மதியத்துக்கு மேல் சின்ன வகுப்புகளில் பாதி தூக்கம்தான். நான்கு மணிக்கு மேல் கேட்டில் கொய்யாக்காய், மாங்காய்ப் பத்தை விற்கும் பாட்டியைச் சுற்றிக் கூட்டம். பாடம் மற்ற பள்ளிகள் போலத்தான், அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டப் பயிற்சி நூல்கள்தான். ஒன்று மட்டும் கூடுதல்: கையெழுத்து. சிஸ்டர்கள் அதில் விடவே மாட்டார்கள்.

வருடத்தில் நன்றாக இருக்கும் சமயம் அரையாண்டுத் தேர்வுக்கு முந்தைய நாட்கள், கிறிஸ்துமஸுக்கு இயேசு பிறந்த குடில் கட்டும் காலம். குடிலில் புல்தரை வேண்டும். அதற்குத் தட்டுகளில் கேழ்வரகு தூவி முளைக்க வைப்பார்கள். எங்கள் பக்கம் மாரியம்மனுக்கு முளைப்பாரி எடுக்காத வீடு குறைவு, ஆகவே இந்த வேலை இந்து அம்மாக்களிடம்தான் வரும். ஒருமுறை ஒரு ஆச்சி தட்டுகளை வாங்கிக்கொண்டு போய்ப் பழக்கத்தில் இருட்டறையில் வைத்து மூடிவிட்டார். முளைப்பாரிக்கு அதுதான் முறை, பயிர் நெடுநெடுவென்று வெளுத்து மஞ்சளாக வரும். பள்ளிக்குக் கொண்டுவந்து வைத்தால் பெத்லகேம் வயல் முழுக்க மஞ்சள். சிஸ்டருக்குப் பச்சைப் புல் வேண்டும். ஆச்சியோ, "பச்சையா வந்தா அது முளைப்பாரியா? வீட்டுக்கு ஆகுமா?" என்று விடவில்லை. கடைசியில் இரண்டு நாள் வெயிலில் வைத்துப் பார்த்தார்கள், ஓரளவு பச்சை ஏறியது. பாறைக்குப் பழைய பிரவுன் பேப்பரைக் கசக்கிக் காபித்தூள் தண்ணீர் தெளிப்பது, வைக்கோலுக்குப் பால்காரர் வீடு, விளக்குச் சரத்துக்கு நான். குழந்தை இயேசு சொரூபத்தை 24ஆம் தேதி இரவுதான் வைக்க வேண்டும் என்பது முறை, ஆனால் அப்போது பள்ளி விடுமுறை. பிள்ளைகள் "பாப்பா எங்க சிஸ்டர்?" என்று நச்சரித்து, விழா அன்றைக்கே வைக்க வைத்துவிடுவார்கள்.

இது போகத் தவக்காலத்தில் (ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம்) ஒவ்வொரு வகுப்பிலும் ஓர் உண்டியல் இருக்கும். மிட்டாய்க்காசைப் போடச் சொல்வார்கள், கட்டாயம் இல்லை. என் மகன் போட்டதாகச் சொல்லும் தொகையும் வாங்கிப்போகிற தொகையும் ஒத்துப்போவதில்லை, அது வேறு.

சரி, மதம். பயப்பட வேண்டியதில்லை என்பது என் அனுபவம், ஆனால் ஒன்றுமே இருக்காது என்று எதிர்பார்க்கவும் கூடாது. சுவரில் மாதா படம் இருக்கும், செபம் இருக்கும், உங்கள் பிள்ளைக்கு அது மனப்பாடம் ஆகிவிடும். அரசியலமைப்புச் சட்டத்தின் 30ஆம் பிரிவு சிறுபான்மையினர் தங்கள் பள்ளியை நடத்த உரிமை தருகிறது. 28(3) பிரிவு, அரசு உதவி பெறும் பள்ளியில் பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளையை மத போதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்கச் செய்யக் கூடாது என்கிறது. எங்கள் பள்ளியில் கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்கு, அதாவது அவர்கள் மத வகுப்புக்கு, போகும் நேரத்தில் மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு. செபத்தில் நிற்க வேண்டாம் என்றால் சொல்லிவிடலாம். சொன்னவர் யாரும் எனக்குத் தெரிந்து இல்லை.

வீட்டில் என்ன நடந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். மகள் தேர்வுக்குப் போகுமுன் நெற்றியில் திருநீறும் பூசி, சிலுவையும் போட்டுக்கொண்டு போவாள். என் தம்பிக்கு அது பிடிக்கவில்லை, அப்பத்தாவிடம் முறையிட்டான். அப்பத்தா செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கோயிலுக்கு மெழுகுவத்தி கொண்டுபோகிற ஆள். "எந்தச் சாமி பாஸ் போட்டா உனக்கென்னடா" என்று முடித்துவிட்டது. இத்தாலியப் பாதிரியார் நொபிலி அடிகள் 1606இல் மதுரைக்கு வந்து காவி கட்டி, மரக்கறி உணவு உண்டு வாழ்ந்தவர். நானூறு வருடமாகப் பார்த்துப் பழகிய விஷயம், இந்த ஊருக்கு இது புதிதல்ல.

இனி குறைகள். ஒரு டீச்சர் ஓய்வு பெற்றால் அந்த இடத்துக்கு ஆள் போட்டு அரசு ஒப்புதல் வாங்குவதற்குள் காலம் ஓடிவிடும். அதுவரை நிர்வாகம் சின்னச் சம்பளத்தில் ஒரு இளம் பெண்ணை வைக்கும், அவர் நல்ல வேலை கிடைத்ததும் போய்விடுவார். மகளின் நான்காம் வகுப்பு அப்படித்தான் கலைந்து கலைந்து போனது, கணக்கில் அது இன்றும் தெரிகிறது. இரண்டாவது, சிஸ்டர்களின் மாற்றல். ஒரு சிஸ்டர் பெற்றோரை நன்றாக அரவணைத்துக்கொண்டு வருவார், மே மாதம் வேறு ஊருக்குப் போய்விடுவார். அடுத்து வருபவர் கேட்டைப் பூட்டிவிட்டு "எதுவாக இருந்தாலும் டைரியில் எழுதி அனுப்புங்கள்" என்பார். நாம் பார்த்துச் சேர்த்த பள்ளி வேறு, படிக்கிற பள்ளி வேறு ஆகிவிடும். எங்களுக்கும் ஒரு வருடம் அப்படி இருந்தது. ஆனால் தண்ணீர்த் தொட்டி விரிசல் விட்டதும் அந்த சிஸ்டரும் படிவத்தைப் புரட்டிக் கொத்தனாரைத் தேடினார்.

சாதி பற்றியும் ஒரு வார்த்தை. வகுப்பில் எல்லாப் பிள்ளையும் ஒரே பெஞ்சில்தான், சத்துணவும் ஒரே வரிசைதான். ஆனால் சாயந்திரம் கேட்டுக்கு வெளியே அம்மாக்கள் நிற்கும் கும்பல்களைப் பாருங்கள், தெரு வாரியாகத்தான் நிற்கிறார்கள். பள்ளி அதை மாற்றிவிட்டது என்று சொன்னால் பொய்.

ஆங்கிலம் சுமார்தான். ஐந்தாவது முடிக்கும்போது ஆங்கிலத்தில் வாசிப்பார்கள், பேச மாட்டார்கள். அது முக்கியம் என்றால் வேறு இடம் பாருங்கள். இன்னொன்று, பலர் குழப்பிக்கொள்வது: மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. தொடக்கப் பள்ளியை உதவி பெறும் பள்ளியில் முடிப்பதால் அது போய்விடாது. ஐந்தாவது முடிந்ததும் எங்கே சேர்ப்பது என்பதை அப்போது யோசித்தால் போதும்.

என்னைக் கேட்டால் சேருங்கள் என்பேன், உங்களுக்குப் பள்ளிக்குப் போய்வர நேரமும் மனமும் இருந்தால். பிள்ளையை விட்டுவிட்டு மார்க்ஷீட்டில் மட்டும் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு இங்கே ஏமாற்றம்தான் மிஞ்சும். ஜூலை 31க்குள் பையனுக்கு ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்றிதழ் நகலை எடுத்துக்கொண்டு போங்கள். தாளாளரைப் பார்க்கச் சிபாரிசெல்லாம் தேவையில்லை, பிள்ளைகள் குறைந்துவரும் காலம் இது, கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுவார்கள். படிவத்தில் தொழில் என்ற இடத்தில் 'சொந்தத் தொழில்' என்று பொதுவாக எழுதினால், என்ன தொழில் என்று சிஸ்டர் திருப்பிக் கேட்பார். பிளம்பிங் தெரியும் என்றால் அன்றைக்கே கழிவறைக் குழாயைக் காட்டிவிடுவார்கள், ஸ்பேனரையும் கையோடு கொண்டுபோய்விடுங்கள்.