மார்க் 14: ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக மூன்று கோளாறுகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க நீர்மூழ்கிகளின் மார்க் 14 டார்பிடோ வெடிக்காமல் போனதற்கு ஃபயரிங் பின் (மோதும்போது வெடிமருந்தைத் தட்டி வெடிக்கவைக்கும் ஊசி) வளைந்ததுதான் காரணம் என்கிறார்கள். ஒரு பின்னைச் சரிசெய்ய 1943 செப்டம்பர் வரை ஏன் ஆயிற்று? டாங் என்ற அமெரிக்க நீர்மூழ்கி மூழ்கியதும் இதனால்தானா?

கதிரவன்

அன்புள்ள கதிரவன்,

ஃபயரிங் பின் மூன்றாவது கோளாறு. முதல் இரண்டும் தீரும்வரை அது கண்ணில் படவில்லை.

முதலாவது ஆழம். 1942 ஜூனில் ஆஸ்திரேலியாவின் அல்பனி அருகே அங்கிருந்த அமெரிக்க நீர்மூழ்கிகளின் தளபதி அட்மிரல் லாக்வுட் மீன்வலையைக் கட்டி டார்பிடோவை ஏவவைத்தார். 10 அடிக்கு வைத்தது 25 அடியில் வலையைக் கிழித்தது. ஆழமானியின் துளை வால்பகுதியில் இருந்தது. 46 நாட் வேகத்தில் அங்கே நீரழுத்தம் குறையும். மேலே இருப்பதாக நினைத்து டார்பிடோ இன்னும் கீழே இறங்கும். சோதனையில் பொருத்திய பதிவுக்கருவிக்கும் அதே இடத்தில் துளை, அதே பிழை. அதனால் கணக்கு அழகாகப் பொருந்தியது! போதாதற்கு, சோதனையில் டார்பிடோவின் முன்னே பொருத்திய பயிற்சித் தலை, வெடிமருந்து நிறைந்த நிஜத் தலையைவிட எடை குறைவு.

ஆழத்தைத் திருத்தியதும் கப்பலின் காந்தப்புலத்தை உணர்ந்து வெடிக்கவைக்கும் காந்த வெடிப்பானின் கோளாறு தெரிந்தது: கப்பலை நெருங்குமுன்பே வெடிப்பு. 1943 ஜூன் 24 அன்று அதை அணைத்துவிட பசிபிக் கடற்படைத் தளபதி நிமிட்ஸ் உத்தரவிட்டார்.

மிச்சம் இருந்தது மோதல் வெடிப்பான். ஜூலை 24 அன்று டினோசா நீர்மூழ்கி, நின்றுபோன ஜப்பானிய டோனான் மாரு 3 கப்பலைச் சுமார் 800 மீட்டரிலிருந்து செங்குத்தாக அடித்தது. பாடப்புத்தக அடி. அடுத்தடுத்துப் பட்டவை ஒன்றும் வெடிக்கவில்லை. கேப்டன் டாஸ்பிட் கடைசி டார்பிடோவை ஏவாமல் பேர்ல் ஹார்பருக்குக் கொண்டுவந்தார். அந்த நிதானம் பெரிது. பிறகு ஹவாயின் கஹோலவே தீவின் பாறையில் ஏவிப் பார்த்தார்கள். கிரேனில் 90 அடி உயரத்திலிருந்து தலைகளை எஃகுத் தகட்டின்மேல் போட்டார்கள். நேராக விழுந்தவற்றில் பத்துக்கு ஏழு வெடிப்பான்கள் இயங்கவில்லை. சாய்வாக விழுந்தபோது தோல்வி பாதியாகக் குறைந்தது.

ஃபயரிங் பின் நகரும் திசை டார்பிடோ ஓடும் திசைக்குக் குறுக்கே இருந்தது. நேர்மோதலில் சட்டென வேகம் குறையும்போது பின் தன் வழிகாட்டித் தண்டுகளில் அழுந்தி உராய்ந்து, வெடிப்பைத் தொடங்கிவைக்கும் தொப்பியைத் தட்டும் வலுவை இழந்தது. மெதுவாக ஓடிய பழைய டார்பிடோக்களுக்கு இந்த அமைப்பு போதுமாக இருந்தது. ஆக, குறி துல்லியமாக இருந்தவனுக்குத்தான் அதிகத் தோல்வி. கடலில் இருந்த நீர்மூழ்கிகளுக்குச் சாய்கோணத்தில் அடிக்கச் சொல்லி லாக்வுட் செய்தி அனுப்பினார். கரையில் எடை குறைந்த அலுமினியக் கலவைப் பின்கள் செய்தார்கள். பேர்ல் ஹார்பரில் வீழ்ந்த ஜப்பானிய விமானங்களின் புரொப்பெல்லர் உலோகமும் அதற்குப் பயன்பட்டது.

டாங் வேறு கணக்கு. 1944 அக்டோபரில் வட்டமடித்துத் திரும்பி அதைத் தாக்கியது அதன் சொந்த மின்சார டார்பிடோவான மார்க் 18.