கேட்டோ மேனரில் தாத்தா நிலத்தைத் தேடிப் போகும் முன்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், கேட்டோ மேனர் பகுதியில், 1960களில் நிறவெறி ஆட்சியில் பறிபோன தாத்தாவின் தோட்டத்தை நடந்து பார்க்கலாமா, திரும்பக் கேட்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போங்கள். அதற்கு முன் பீட்டர்மாரிட்ஸ்பர்க் பத்திரப் பதிவகத்தில் தாத்தா பெயரைக் கொடுத்து மனை எண்ணை எடுத்துவிடுங்கள். மாமரத்தை வைத்து இடம் கண்டுபிடிக்க முடியாது, எல்லார் தோட்டத்திலும்தான் மாமரம் இருந்தது!

பெல்லேர் சாலை அம்பலவாணர் ஆலயத்திலிருந்து நடக்கத் தொடங்கினால் நல்லது. 1905 வெள்ளத்தில் உம்பிலோ ஆற்றங்கரைக் கோயில் போனபின் 1947இல் இங்கே கட்டியது. சுற்றி வீடுகளை இடித்தபோதும் தப்பியது. உள்ளூர் ஆள் ஒருவரைக் கூட்டிப் போங்கள். யார் வாசலிலும் நின்று "இது எங்கள் இடம்" என்று ஆரம்பிக்க வேண்டாம். அதே உம்கும்பானேயிலிருந்து (கேட்டோ மேனரின் சூலு பெயர்) ஆயிரக்கணக்கான ஆப்பிரிக்கக் குடும்பங்களையும் டர்பனுக்கு வடக்கே உள்ள குவாமாஷு குடியிருப்புக்கு விரட்டினார்கள். அவர்களுக்கும் அது சொந்த மண்தான்.

சரி, உரிமைக் கோரிக்கை. பறிபோன நிலத்தைத் திரும்பக் கேட்பதற்கான 1994 சட்டப்படி மனு போடக் கெடு 1998 டிசம்பர் 31. 2014இல் மறுபடி திறந்ததை 2016இல் அரசியல் சாசன நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. ஆகவே பெரியப்பா, அத்தை யாராவது 98க்குள் மனு போட்டார்களா என்று முதலில் வீட்டில் விசாரியுங்கள். பணம் கொடுத்தால் புது மனுவை இன்றே முடித்துத் தருகிறேன் என்று எவராவது வந்தால் ஒரு ரேண்ட்கூடக் கொடுக்காதீர்கள்.