தவறான நெட்வொர்க்கில் போன யுஎஸ்டிடி

கேள்வி: கிரிப்டோ எக்ஸ்சேஞ்சிலிருந்து என் மெட்டாமாஸ்க் வாலட்டுக்கு 300 யுஎஸ்டிடி (டாலர் மதிப்பை ஒட்டிய கிரிப்டோ நாணயம்) அனுப்பும்போது, எத்திரியம் நெட்வொர்க்குக்குப் பதிலாக பிஎன்பி ஸ்மார்ட் செயின் நெட்வொர்க்கைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். வாலட்டில் ஒன்றும் காட்டவில்லை. போனது போனதுதானா?
- தோட்டப்புற வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: போகவில்லை, பதறாதீர்கள். இரண்டு நெட்வொர்க்கிலும் உங்கள் முகவரி ஒன்றே, காசை எடுக்கும் ரகசியச் சாவியும் ஒன்றே. பிஎன்பி ஸ்மார்ட் செயினின் பரிவர்த்தனைகளைக் காட்டும் பிஎஸ்சிஸ்கேன் தளத்தில் முகவரியைப் போட்டால் காசு தெரியும். மெட்டாமாஸ்க்கில் பிஎன்பி ஸ்மார்ட் செயினுக்கு (செயின் எண் 56) மாறி, அங்குள்ள யுஎஸ்டிடியின் கான்ட்ராக்ட் முகவரியை (அந்த நாணயத்தை அடையாளம் காட்டும் முகவரி) சேருங்கள். எடுத்து அனுப்பக் கட்டணத்துக்குக் கொஞ்சம் பிஎன்பி (அந்தச் செயினின் சொந்த நாணயம்) தேவை. அது இல்லாமல்தான் பலர் நடுவழியில் நிற்கிறார்கள். பிறகு, எக்ஸ்சேஞ்சின் பிஇபி-20 (இதே செயினுக்கான) முகவரிக்கே திருப்பி அனுப்பலாம்.

வேறொரு எக்ஸ்சேஞ்சின் முகவரிக்குப் போயிருந்தால் கதை வேறு. சாவி அவர்களிடம், பரிவர்த்தனை எண்ணைக் கொடுத்து அவர்களிடமே கேட்க வேண்டும். மீட்டுத் தருகிறேன் என்று உங்கள் வாலட்டைத் திறக்கும் 12 ரகசியச் சொற்களைக் கேட்பவன் திருடன். கொடுத்து ஏமாந்திருந்தால் உடனே தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997-க்கு அழையுங்கள்.