பர்மாவில் தனிநாடு கேட்டது யார்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

ஐயா, ஷான்காரர்கள் ஆரம்பத்திலிருந்தே தனிநாடுதான் கேட்டார்களா? (யாங்கோன்)

இல்லை தம்பி. 1947 பிப்ரவரி 12-ல் ஷான் பகுதி ஊரான பாங்லாங்கில் ஷான், கச்சின், சின் ஆகிய மலைநாட்டு இனங்களின் தலைவர்கள் பர்மிய சுதந்திரப் போராட்டத் தலைவர் ஆங் சானோடு கையெழுத்திட்டது சேர்ந்து வாழத்தான். அந்த வருடம் எழுதிய அரசியல் சட்டம், வேண்டுமானால் 1948 சுதந்திரத்துக்குப் பத்து வருடம் கழித்துப் பிரிந்து போகலாம் என்று ஷான் மாநிலத்துக்கும் கரென்னி (இன்றைய காயா) மாநிலத்துக்கும் உரிமை கொடுத்தது. கெடு முடிந்த 1958-லேயே ஷான் இளைஞர்கள் சிலர் துப்பாக்கி தூக்கிவிட்டார்கள். பெரியவர்களோ 1962-லும் ரங்கூனில் உட்கார்ந்து கூட்டாட்சி பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். மார்ச் 2-ல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். நாடு உடைந்துவிடும் என்பது அவர் சொன்ன காரணம். நாட்டின் முதல் ஜனாதிபதியான ஷான் சிற்றரசர் சாவ் ஷ்வே தைக் அந்த வருடமே காவலில் இறந்தார். அப்புறம் அவர் மனைவியே ஷான் போராட்டத்துக்குத் தலைமை ஏற்கப் போனார். பேசப் போனவர் வீட்டையே காட்டுக்கு அனுப்பியது யார் என்று நீங்களே யோசியுங்கள்.

கரேன் இனத்தவர்?

அவர்கள் கதை வேறு. பாங்லாங்கில் கையெழுத்தே போடவில்லை. 1949 ஜனவரி கடைசியில் சண்டை மூண்டு, ரங்கூன் வாசலான இன்செயின் வரை வந்துவிட்டார்கள்.

அண்ணே, மற்ற இனத்தவர் மேல் பர்மிய மொழியையும் அடையாளத்தையும் திணிப்பதைப் பர்மியமயமாக்கல் என்கிறார்களே, அது கண்ணுக்குத் தெரிகிற விஷயமா? (மோல்மேன்)

உங்கள் ஊரிலேயே தெரியுமே! பிலூ தீவுக்குப் போகும் பாலத்துக்கு 2017-ல் ஆங் சான் பெயரை வைத்தார்கள். அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான மோன் இன மக்கள் ஆயிரக்கணக்கில் தெருவில் இறங்கினார்கள். அடுத்து வந்த இடைத்தேர்தலில் அப்போதைய ஆளுங்கட்சி அந்தத் தொகுதியைக் கோட்டைவிட்டது. ஒரு பெயர்ப்பலகைக்கு இவ்வளவா என்று கேட்டவர்களும் உண்டு. தாய்மொழியைப் பள்ளியில் படிக்க முடியாமல் வளர்ந்தவனுக்குத்தான் அது புரியும். என்னையும் பள்ளியில் சேர்த்த அன்றே வாத்தியார் பர்மியப் பெயரில் பதிந்துவிட்டார். வீட்டில் ஒரு பெயர், ரிஜிஸ்டரில் ஒரு பெயர்.

'நான்கு வெட்டு' என்றால்?

அது ராணுவத்தின் உத்தி: சோறு, பணம், தகவல், ஆள் ஆகிய நான்கும் கிளர்ச்சிக்காரர்களுக்குப் போகாமல் அறுப்பது. அறுபட்டது பெரும்பாலும் கிராமத்து ஜனங்கள்தான்.

இதில் நம் தமிழருக்கு என்ன இடம்?

1982 குடியுரிமைச் சட்டம் 1823-க்கு முன்பே இங்கே வேரூன்றிய இனங்களையே மண்ணின் மக்கள் என்கிறது. நாம் அந்தப் பட்டியலில் இல்லை. முழுக் குடியுரிமைக்கு ரோஸ் அட்டை, 1948 சட்டப்படி முன்பே விண்ணப்பித்திருந்தவர்களின் இணைக் குடியுரிமைக்கு நீலம், பிறகு குடியுரிமை பெற்றவர்களுக்குப் பச்சை. மூன்றாம் தலைமுறைக்கு ரோஸ் கிடைக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. சரி, அலுவலகத்தில் கேட்பது காகிதம். தாத்தாவின் பழைய பதிவுத்தாள் டிரங்குப் பெட்டியில் இருந்தால், கரையான் தின்பதற்குள் எடுத்து வையுங்கள்.