சிறுவர் ஃபுட்பால் பயிற்சி: பி.டி. ஆசிரியர், கோச், பெற்றோர் கேட்ட கேள்விகள்

கேள்வி: விழுப்புரம் பக்கம் அரசுப் பள்ளியில் பி.டி. ஆசிரியர். ஏழாம் வகுப்பில் 30 பேர், பந்து இரண்டே இரண்டு, பீரியட் 40 நிமிடம். இப்போது வரிசையில் நிறுத்தி ஒவ்வொருவராக கோலுக்கு அடிக்க விடுகிறேன். இதைவிட நல்ல டிரில் சொல்லுங்கள் சார்.

பதில்: முதலில் கணக்கைப் பாருங்கள். இரண்டு வரிசை, வரிசைக்கு 15 பேர். ஒருவன் அடித்து, பந்தை ஓடி எடுத்து வந்து அடுத்தவனிடம் கொடுக்க 12 விநாடி என்றால், ஒரு பையனுக்கு 3 நிமிடத்துக்கு ஒரு உதை. அரை மணி நேரத்தில் 10 உதை. மிச்ச நேரம் முழுக்க முன்னால் நிற்பவன் சட்டையை இழுத்துக்கொண்டிருப்பான். இங்கே டிரில்லை மாற்றிப் பயனில்லை, வரிசையை ஒழிக்க வேண்டும்.

ஐந்து ஐந்து பேராக 6 அணி பிரியுங்கள். 30-க்கு 20 மீட்டரில் இரண்டு ஆடுகளம், பந்து ஒவ்வொன்று. நான்கு அணி ஆடும், இரண்டு அணி வெளியே. ஒரு சுற்று 10 நிமிடம், மூன்று சுற்று. ஒவ்வொரு அணிக்கும் 20 நிமிட ஆட்டம் கிடைத்துவிடும். கோலி (கோல்கீப்பர்) வேண்டாம். கோலை 2 மீட்டர் அகலமாகச் சிறிதாக வையுங்கள். பந்து வெளியே போனால் த்ரோ வேண்டாம், கோட்டில் வைத்துக் காலால் உருட்டி ஆரம்பிக்கட்டும். த்ரோவுக்குப் போகிற நேரம் எவ்வளவு என்று ஒருநாள் கடிகாரம் வைத்துப் பாருங்கள், திகைத்துப்போவீர்கள்.

வெளியே இருக்கும் 10 பேருக்குப் பந்தே தேவையில்லை. 12 மீட்டர் சதுரம் போட்டு 'வால் பிடுங்குதல்' ஆடச் சொல்லுங்கள்: எல்லோரும் இடுப்பின் பின்னால் ஒரு துணியைச் செருகிக்கொண்டு, தன் வாலைக் காத்தபடி அடுத்தவன் வாலைப் பிடுங்க வேண்டும். பொய்யாக ஒருபக்கம் சாய்ந்து மறுபக்கம் திரும்புவது, தோள் திருப்பிப் பின்னால் பார்ப்பது எல்லாம் தானாக வரும்.

கோன் இல்லையென்றால் தண்ணீர் பாட்டிலில் பாதி மணல் நிரப்பி வையுங்கள். கோலுக்குச் செங்கல் மட்டும் கூடவே கூடாது. விழுந்தால் பல் போய்விடும்.

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து கேக்கிறன். 7, 8 வயசுப் பிள்ளையளுக்கு உதைபந்தாட்டம் பழக்கிறம். எல்லாரும் பந்துக்குப் பின்னால கும்பலா ஓடுகினம். "விரிஞ்சு நில்லுங்கோ" எண்டு கத்திக் கத்தித் தொண்டை போச்சு.

பதில்: அந்த வயதில் அது பிழையே இல்லை. பந்து ஒன்றுதான், எல்லோருக்கும் அது வேண்டும். 'விரிந்து நில்' என்றால் ஒரு பிள்ளை ஓரத்தில் போய் நின்று கைகட்டி வேடிக்கை பார்க்கும். அது இடம் பிடித்து ஆடுவது ஆகாது.

ஆளைக் குறைத்து கோலைக் கூட்டுங்கள். 4-க்கு 4, நீளம் 25 மீட்டர், அகலம் 20 மீட்டர். ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு மூலைகளிலும் ஒவ்வொரு சின்ன கோல். ஓர் அணி இரண்டு கோலைக் காக்கும், எதிரே இரண்டில் எதில் அடித்தாலும் கோல். கும்பல் வலதுபக்கம் குவிந்தால் இடதுபக்க கோல் திறந்து கிடக்கும். முதல் 10 நிமிடம் யாரும் பார்க்க மாட்டார்கள். பிறகு ஒரு பிள்ளை கும்பலிலிருந்து பந்தைத் திருப்பிக்கொண்டு போய் அடிக்கும். அங்கேதான் ஆட்டத்தை நிறுத்தி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இப்ப எந்த கோல் காலியா இருந்தது?" விளக்கம் வேண்டாம், ஆட்டம் தொடரட்டும். பின்கள வீரர், முன்கள வீரர் என்று இடம் பிரிப்பதற்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது.

கேள்வி: அண்ணா, வியாசர்பாடியில ஏரியா பசங்களுக்குக் காலையில கோச்சிங் குடுக்குறோம். ஷூ வாங்கிக் குடுத்ததும் எல்லாரும் நுனிக்கால்லதான் பாஸ் அடிக்கிறாங்க. பந்து எங்கயோ போகுது.

பதில்: வெறுங்காலில் நுனியால் அடித்தால் விரல் வலிக்கும், அதனால் அடிப்பதில்லை. ஷூ அந்த வலியை மறைத்துவிடுகிறது.

முதலில் ஊன்றும் காலைச் சரிசெய்யுங்கள், அடிக்கும் காலை அப்புறம் பார்க்கலாம். ஊன்றும் கால் பந்துக்குப் பக்கத்தில், ஒரு சாண் இடைவெளியில், பந்துக்கு நேராக இருக்க வேண்டும். அதன் விரல் பாஸ் போக வேண்டிய திசையைப் பார்க்க வேண்டும். அடிக்கும் கால் வெளிப்பக்கம் திரும்பி, விரல் மேலே தூக்கி, கணுக்கால் விறைப்பாக. பந்தின் நடுவில், உள்பாதத்தின் குழிவான இடத்தில் பட வேண்டும்.

என்ன தப்பு என்பதைப் பந்தே சொல்லிவிடும். பந்து மேலே எழும்பினால் ஊன்றும் கால் பந்துக்குப் பின்னால் நின்றுவிட்டது, அல்லது உடம்பு பின்னால் சாய்ந்தது. சுழன்று ஓரமாகப் போனால் கணுக்கால் தளர்ந்துவிட்டது. வேகமில்லாமல் செத்துப்போனால் காலைப் பந்தோடு நிறுத்திவிட்டான், பின்தொடரவில்லை.

பயிற்சி: இரண்டு பேர் 6 மீட்டர் தள்ளி, நடுவில் ஒரு மீட்டர் அகலத்துக்கு இரண்டு பாட்டில். இரண்டு நிமிடத்தில் எத்தனை தடவை பாட்டிலில் படாமல் போகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். அடுத்த இரண்டு நிமிடம் இடதுகால். மறுநாள் தன் எண்ணிக்கையைத் தானே முந்தப் பார்ப்பான். நுனிக்காலை அடியோடு தடை செய்துவிடாதீர்கள். கோலுக்கு முன்னால் நெரிசலில் காலை வீச இடமில்லாதபோது அதைவிட வேகமான அடி கிடையாது.

கேள்வி: 10 வயதுப் பையன்களுக்கு ரோண்டோ (சுற்றி நிற்பவர்கள் பாஸ் போட, நடுவில் இருப்பவர் பந்தைப் பறிக்கப் பார்க்கும் ஆட்டம்) ஆட வைக்கிறேன். 4-க்கு 2, ஐந்து மீட்டர் சதுரம், ஒரே டச் (பந்தை ஒருமுறை தொட்டதுமே பாஸ்). இரண்டு பாஸிலேயே அறுந்துபோகிறது. வீடியோவில் பார்சிலோனா ஆட்கள் இதையேதானே செய்கிறார்கள்? (கோயம்புத்தூர்)

பதில்: அவர்கள் செய்கிறார்கள், ஆனால் உங்கள் பையன்களின் முதல் டச் பந்தை ஒரு மீட்டர் தள்ளிப் போடும். ஐந்து மீட்டர் சதுரத்தில் ஒரு மீட்டர் தள்ளிப்போனால் அது எதிரியின் பந்து.

4-க்கு 1-லிருந்து ஆரம்பியுங்கள். 8 மீட்டர் சதுரம், டச் கணக்கே கிடையாது. தொடர்ந்து 10 பாஸ் அடிக்கடி வந்தால் சதுரத்தை 7 மீட்டராகச் சுருக்குங்கள். அதுவும் கைகூடிய பிறகு 10 மீட்டரில் 4-க்கு 2. நடுவில் ஆளைக் கூட்டும்போது இடத்தையும் கூட்ட வேண்டும். எதையாவது ஒன்றைத்தான் ஒரு நேரத்தில் கஷ்டமாக்கலாம்.

அறுந்துபோவதற்கு முக்கியக் காரணம் பாஸ் அடிப்பவன் இல்லை, பக்கத்தில் நிற்கும் இருவர். பையன்கள் நான்கு மூலையிலும் கோன் மாதிரி நட்டுவைத்தபடி நிற்பார்கள். மூலையில் ஆளை நிறுத்தவே வேண்டாம், ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கக் கோடு கொடுங்கள். பந்து வைத்திருப்பவனுக்கு இடதும் வலதும் உள்ளவர்கள் தங்கள் கோட்டின் மேல் அவன் பக்கமாக நகர்ந்து வந்து, நடுவில் இருப்பவன் மறைக்காத இடத்தில் தெரிய வேண்டும். எதிர்க்கோட்டில் இருப்பவன் நடுவில் உள்ள இடைவெளியில் தெரிய வேண்டும். ஒவ்வொரு பாஸுக்கும் எல்லோரும் இரண்டு அடியாவது நகர்ந்திருந்தால் ரோண்டோ சரியாக ஓடுகிறது.

இரண்டாவது, பந்தை வாங்கும் கால். பாஸ் வரும் பக்கத்துக் காலால் நிறுத்தினால் உடம்பு மூடிக்கொள்ளும், திருப்பி அனுப்ப மட்டும்தான் முடியும். தூரத்துக் காலுக்கு விட்டு வாங்கினால் மறுபக்கமும் திறந்திருக்கும். பாஸ் அடிப்பவனும் அந்தத் தூரத்துக் காலைக் குறிவைக்க வேண்டும்.

'பந்தை விட்டவன் நடுவில் போக வேண்டும்' என்ற விதியைச் சின்னவர்களுக்கு எடுத்துவிடுங்கள். பலவீனமான ஒரே பையன் கால்மணி நேரம் நடுவில் மாட்டிக்கொண்டு தவிப்பான். 45 விநாடிக்கு ஒருமுறை ஆள் மாற்றுங்கள். நடுவில் இருப்பவன் பந்தைப் பறித்துச் சதுரத்துக்கு வெளியே வைத்த சின்ன கோலில் அடித்தால் அவனுக்குப் புள்ளி. அப்போதுதான் அவனும் நாய் மாதிரி சும்மா சுற்றி ஓடாமல் யோசித்து நகர்வான்.

கேள்வி: என் மகனுக்கு 12 வயசு. முழங்கால் சில்லுக்குக் கீழே எலும்பு புடைச்ச மாதிரி இருக்கு, ஓடினா வலிக்குதுங்கிறான். கோச் "வளர்ற வயசு வலி, ஓட ஓட சரியாயிடும்"னு சொல்றார். நம்பலாமா?

பதில்: பாதி சரி, பாதி தப்பு அம்மா. வேகமாக உயரும் வயதில், தொடைத்தசையின் நாண் கீழ்க்கால் எலும்பில் ஒட்டும் இடத்தில் இழுத்து இழுத்து வருவது இது. ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்பார்கள். வளர்ச்சி நிற்கும்போது பொதுவாக அடங்கிவிடும். ஆனால் ஓட ஓடச் சரியாகாது, கூடும். பள்ளி அணி, அகாடமி, தெரு ஆட்டம் என்று மூன்று இடத்தில் ஆடினால் ஒன்றை நிறுத்துங்கள். குதிப்பது, ஸ்பிரின்ட், கோலுக்கு ஓங்கி அடிப்பது இவற்றைக் குறைத்து, வலி வராத பாஸிங் வேலை மட்டும் செய்யட்டும். மாத்திரை போட்டு ஆட வைக்காதீர்கள். ஒருமுறை எலும்பு டாக்டரிடம் காட்டிவிடுங்கள். நொண்டுகிறான், முட்டி வீங்குகிறது, ராத்திரியில் வலி எழுப்புகிறது என்றால் தாமதிக்கவே கூடாது. இதே வயதில் குதிகாலின் பின்பக்கம் வலித்தாலும் காரணம் இதே வகைதான்.

கேள்வி: மே மாசம் சம்மர் கேம்ப். சென்னை வெயிலில் என்ன ஜாக்கிரதை?

பதில்: காலை 5.45-க்கு ஆரம்பித்து 7.15-க்குள் முடியுங்கள். கடலோர ஊரில் வெயிலைவிடப் புழுக்கம்தான் வில்லன், வேர்வை காயாது, உடம்பு குளிராது. 15-20 நிமிடத்துக்கு ஒருமுறை எல்லோரையும் நிறுத்தித் தண்ணீர். 9-12 வயதுக்கு ஒவ்வொரு தடவையும் 100 முதல் 250 மில்லி. "தாகம் எடுக்கிறவன் போய்க் குடி" என்றால் யாரும் போக மாட்டார்கள். ஓ.ஆர்.எஸ். கலக்கினால் பெரிய பாக்கெட்டுக்குச் சரியாக ஒரு லிட்டர். இனிப்பாக இருக்கட்டும் என்று அரை லிட்டரில் கலக்குவது தப்பு, வயிற்றைக் கலக்கும். ஒரு பையன் உளறினாலோ, தள்ளாடினாலோ, வாந்தி எடுத்தாலோ நிழலுக்குத் தூக்கிப் போய், சட்டையைக் கழற்றி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஒருவர் ஊற்றும்போதே இன்னொருவர் 108-க்குப் போன் போடட்டும். தண்டனையாக ரவுண்டு ஓடவிடும் பழக்கம் இருந்தால் மே மாதத்திலாவது விடுங்கள். மற்ற மாதங்களிலும் விடலாம்.

கேள்வி: 9 வயதுக்கு ஹெட்டிங் (தலையால் பந்தை முட்டுவது) எப்படிக் கற்றுக்கொடுப்பது?

பதில்: கற்றுக்கொடுக்க வேண்டாம். அமெரிக்காவில் 10 வயதுக்கும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கு ஹெட்டிங் கூடாது என்று 2015-இல் முடிவெடுத்தார்கள். இங்கிலாந்தில் 2020-லிருந்து தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் ஹெட்டிங் இல்லை. அந்த வயதில் ஆட்டம் தரையில்தான் நடக்க வேண்டும் என்பது என் கட்சி. 12 வயதுக்கு மேல் மெத்தென்ற லேசான பந்தில், தானே எறிந்து தானே நெற்றியில் வாங்குவதிலிருந்து ஆரம்பிக்கலாம். தலையில் அடிபட்டு மயங்கினாலோ, தலைசுற்றினாலோ, "ஸ்கோர் என்ன" என்றால் விழித்தாலோ அன்று திரும்ப இறக்கவே கூடாது, ஃபைனலாக இருந்தாலும்.

கேள்வி: எங்கள் கோலி அடிக்கும் கோல்கிக் பாக்ஸை (கோலுக்கு முன்னால் உள்ள பெரிய கட்டத்தை) தாண்டுவதே இல்லை. எதிரணி அங்கேயே நின்று வாங்கி கோல் போடுகிறது.

பதில்: ஓங்கி அடிக்கச் சொல்வதால்தான். 2019 விதி மாற்றத்துக்குப் பிறகு பந்து பாக்ஸைத் தாண்டத் தேவையில்லை, அடித்து நகர்ந்ததுமே ஆட்டம் தொடங்கிவிடும். எதிரணி பாக்ஸுக்கு வெளியே நிற்க வேண்டும், உங்கள் ஆட்கள் உள்ளே நிற்கலாம். இரண்டு ஸ்டாப்பர்களை (நடுப் பின்கள வீரர்களை) கோலியின் இருபுறமும் அகலமாக நிறுத்திப் பக்கவாட்டில் பாஸ் போடச் சொல்லுங்கள். பயிற்சியில் பின்னால் 3 பேர், கோலி, எதிரே 2 பேர். பந்தை நடுக்கோட்டைத் தாண்டக் கொண்டுபோனால் புள்ளி. முதல் மாதம் சில கோல் வாங்குவீர்கள். வாங்கினால் வாங்கட்டும், 11 வயதில் தோற்ற ஆட்டத்தை யார் எழுதி வைக்கிறார்கள்?

கேள்வி: பையன் டிசம்பரில் பிறந்தவன், ஆள் சின்னது. எப்போதும் பெஞ்சுதான். விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன்.

பதில்: வயதுப்பிரிவு ஜனவரி 1-ஐ வைத்துத்தான் பெரும்பாலும் கணக்கிடப்படுகிறது. ஜனவரியில் பிறந்தவன் உங்கள் மகனைவிடக் கிட்டத்தட்ட ஒரு வருடம் மூத்தவன். 10 வயதில் அது பெரிய வித்தியாசம், 18 வயதில் ஒன்றுமில்லை. இப்போது உயரமாக இருப்பவனைத் தேர்ந்தெடுப்பது கோச்சுக்குச் சுலபம், அவ்வளவுதான். ஆட்டத்தை நான்கு கால் பகுதியாகப் பிரித்து ஒவ்வொரு பையனும் இரண்டு பகுதியாவது ஆட வேண்டும் என்ற ஏற்பாட்டைக் கேட்டுப் பாருங்கள். முடியாது என்றால் வேறு இடம் பாருங்கள், ஆட்டத்தை விட வேண்டாம்.

கேள்வி: மதுரைப் பக்கம் பெண்பிள்ளைகள் அணி. 13 வயதானால் வீட்டில் நிறுத்திவிடுகிறார்கள். பயிற்சியில் தனியாக எதுவும் மாற்ற வேண்டுமா?

பதில்: டிரில் அதேதான். வார்ம்-அப்பில் மட்டும் கூடுதல் கவனம்: பெண்பிள்ளைகளுக்கு முழங்காலுக்குள் இருக்கும் முன் குறுக்குத் தசைநார் (ஏ.சி.எல்.) கிழியும் ஆபத்து அதிகம். குதித்து இறங்கும்போது முட்டி உள்பக்கம் மடங்குகிறதா என்று முன்னால் நின்று பாருங்கள். முட்டி கால்விரலுக்கு நேராக, மெல்ல மடங்கி, சத்தமில்லாமல் இறங்க வேண்டும். ஒற்றைக்காலில் நிற்பது, பக்கவாட்டில் குதித்து நிற்பது, கைமுட்டி ஊன்றிய பிளாங்க் இவற்றை வாரம் இரண்டு தடவை, 15 நிமிடம். ஃபிஃபா 11+ என்ற வார்ம்-அப்பின் அடிப்படையே இதுதான்.

வீட்டு விஷயத்தில், இருட்டுவதற்கு முன் முடிப்பதும், உடை மாற்றவும் கழிப்பறைக்கும் ஓர் அறை இருப்பதும் எந்தப் பேச்சையும்விட வேலை செய்யும். சொல்லிக் காட்ட ஆளும் இருக்கிறார்கள்: உங்கள் மதுரையின் சேது எஃப்.சி. 2019-இல் இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது. கடலூர்க்காரர் இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடியவர், தமிழ்நாடு போலீஸில் எஸ்.ஐ. ஆனவர்.

கேள்வி: எந்த வயதுக்கு எந்த சைஸ் பந்து? எங்கள் பந்தெல்லாம் இரண்டு மாதத்தில் காற்று இறங்கிவிடுகிறது.

பதில்: 8 வயது வரை 3, அதிலிருந்து 12 வரை 4, மேலே 5. ஐந்தாம் நம்பர் பந்து 410-450 கிராம். அதை 8 வயதுப் பையனுக்குக் கொடுத்தால் நுனிக்கால் பழக்கம் வரத்தான் செய்யும். காற்று பெரும்பாலும் வால்வில்தான் போகிறது: ஊசியைக் காய்ந்தபடி குத்துவதால் ரப்பர் கிழிகிறது. வால்வில் ஒரு சொட்டு கிளிசரின் விட்டு, ஊசியையும் நனைத்து, நேராக இறக்குங்கள். கல் மாதிரி அடிக்காதீர்கள். விதிப்படி ஐந்தாம் நம்பர் பந்துக்கு காற்றழுத்தம் 8.5 முதல் 15.6 பி.எஸ்.ஐ. வரை போகலாம், சின்னவர்களின் பந்துக்கு அதன் கீழ்முனைப் பக்கம் போதும். கட்டைவிரலால் அழுத்தினால் கொஞ்சம் அமுங்க வேண்டும். பஞ்சர் கடைக் கம்ப்ரஸரில் காற்று அடிப்பதை நிறுத்துங்கள், தையல் விடுவது அதனால்தான்.